குட்டைச் சலாகை

ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள் என்றார் றிஸ்வியா மேடம்.
ஓர் அட்டவணை, ஒரு வரைபு, கீழே நாலு வரி.
அமைச்சுக்குப் போகிறது,
அங்கே ஒருவரும் இரண்டாம் பக்கம் புரட்டமாட்டார்கள்.

மேசையில் குலவீரனின் பன்னிரண்டு கொப்பிகள்,
உப்புக் காற்றில் ஊறி அப்பளமாய்ப் பொருமியவை.
ஜூலையைத் திறந்தேன்,
செதிலொன்று விழுந்தது.
அதற்கு நிரல் இல்லை.

திருக்கடலூர், நிலாவெளி, குச்சவெளி,
அங்கால் கிண்ணியா, மூதூர்.
விடியப்புறம் கரைக்குப் போய்
கூடை கூடையாய் எழுதியிருக்கிறான்:
சூரை, கீரி, பாரை, கும்பளா, கணவாய்.
ஓரத்தில், யாரும் கேட்காத இடத்தில்,
'இன்று தராசு பழுது. கண்ணால் நிறுத்தேன்.'
'வியாபாரிகள் சண்டை. பாரை மண்ணில்.'
'நாய் கொண்டுபோனது ஒரு கிலோ இருக்கும்.'

கூட்டினேன்.
கூட்டக் கூட்டத் தராசு போனது, சண்டை போனது,
கடைசியாக, ஒரு கிலோவோடு, நாயும் போனது.

பள்ளிக்கூடத்தில்
இடை, இடையம், ஆகாரம் என்று
ஒரே மூச்சில் ஒப்புவித்தோம்.
அடிக்கடி வருவதுதான் ஆகாரம் என்றார் டீச்சர்.
'எங்கட வீட்டில பாண்' என்றாள்
பின்வாங்கிலிருந்து எவளோ.
வீச்சு என்றால் பெரியதில் சிறியதைக் கழிப்பது,
அதற்கு இரண்டு புள்ளி.
கரையில் வீச்சு வேறு:
மணிக்கட்டு சுழல வலை வட்டமாய் விரிவது,
பிறகு, அமிழும்வரை, பேசாமலிருப்பது.

கன்னியாவில் ஏழு கிணறு.
ஏழிலும் அள்ளிக் குளித்திருக்கிறேன்,
ஒன்று சுடும், ஒன்று இதம், ஒன்று சும்மா தண்ணீர்.
ஏழு சூட்டையும் கூட்டி ஏழால் பிரித்தால் வருகிற நீரில்
இதுவரை ஒருவரும் தலை நனைத்ததில்லை.

டிசம்பரில் சில கட்டங்கள் வெறுமையாய்.
படகு நாற்பத்தொன்று, யேசுரட்ணம்,
நாலாம் திகதியிலிருந்து ஒன்பதுவரை.
பூச்சியம் போடவா கோடு போடவா என்று
குலவீரனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.
இரண்டும் ஒன்றல்ல.
பூச்சியமென்றால் போனார்கள், கிடைக்கவில்லை.
கோடென்றால் நமக்குத் தெரியாது.

'எஞ்சின் நின்டுபோச்சு மிஸ்.
வாடை இழுத்து வாழைச்சேனையில விட்டுட்டு.
மீனை அங்கயே வித்து
அந்தக் காசில மண்ணெண்ணெய் அடிச்சு வந்தவங்க.'

அப்படியென்றால்
மீன் மட்டக்களப்பு அட்டவணையில்,
ஆட்கள் எங்களுடையதில்,
நடுக்கடலில் கிடந்த இரவுகள்
எந்த மாவட்டத்தின் நிரையிலும் இல்லை.
கோடு போட்டேன்.

நீல நிறத்தில் பன்னிரண்டு சலாகைகள்.
ஜூனும் ஜூலையும் நிமிர்ந்து நிற்க
டிசம்பர், வரிசையில் பிந்தி வந்த பிள்ளைபோல்.
மேடத்துக்குப் பிடித்திருந்தது.
'மற்றவை கொஞ்சம் பெரிசாத் தெரியுது,
குறைக்கேலாதா?'
மற்றவைக்குள்
திருக்கையும் நண்டும்
குலவீரனுக்கே பெயர் தெரியாத சிவப்பு மீனும்
ஏற்கனவே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.
எழுத்தைச் சிறிதாக்கினேன், திருப்தி.

பெப்ரவரியில் காப்புறுதிப் படிவத்தோடு
யேசுரட்ணம் வந்தார்.
வரிசை நீளம்.
அறிவித்தற் பலகையில் ஒட்டிய வரைபை
மூக்கு முட்டும் கிட்டத்தில் நின்று படித்தார்.

'இந்தக் குட்டை எது?'
'டிசம்பர்.'
சலாகையை விரலால் அளந்தார்,
விரல் உச்சியில் நிற்கவில்லை,
ஏறி, நீலம் முடிந்து,
மேலே வெறும் வெள்ளைத்தாளில் போய் நின்றது.
'நாங்க இங்க கிடந்தம்.'

ஒப்பம் வைத்தார். பேனை எழுதவில்லை,
என்னுடையதைக் கொடுத்தேன்.
வாசலில் ஒரு மான்
அவருடைய பையை மோந்து பார்த்தது.
'இதுகள ஆர் எண்ணுறது மிஸ்?'
அது வேறு திணைக்களம் என்றேன்.